நனையாத இடது கை

தேபோ கிராமம்
மழை விட்ட மாதம், திங்கட்கிழமை

என் அன்பு மகள் லாஸேவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவருடைய கிருபையால் நான், அப்பா, எல்கானா மாமா, நாய், படகு எஞ்சின் எல்லோரும் இங்கே சுகம், எஞ்சினுக்கு மட்டும் கொஞ்சம் இருமல். உனக்கு இருமல் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். ஜப்பான் குளிரில் முதியோர் இல்லத்துப் பாட்டிமாருக்கெல்லாம் கம்பளி போர்த்திவிட்டு நீ மெல்லிய சட்டையோடு திரிவாய் என்று எனக்குத் தெரியும், இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் ஒரு சட்டை கூடப் போட்டுக்கொள். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் அப்பா பிடுங்கிக்கொண்டு சாப்பிட்டியா, குளிருதா என்று இரண்டே கேள்வி கேட்டுவிட்டு என்னிடமே திருப்பித் தந்துவிடுகிறார், நான் பேச ஆரம்பித்தால் உன் மாமா பக்கத்தில் நின்று வரிக்கு வரி திருத்தம் சொல்கிறார். இது திருத்தம் இல்லாமல் சொல்லவேண்டிய சேதி. அதனால் இரண்டு பேரும் மீன் பிடிக்கப் போன நேரம் பார்த்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

டிசம்பரில் நம் சபைக்கு நூறு வயது ஆகிறது. கூரைக்குப் புது வர்ணம், பெண்களுக்கு ஒரே நிறத்தில் நெய்த சட்டை, மூன்று பன்றி என்று டீக்கன்மார் இப்போதே ஓடுகிறார்கள். நம் புதுப் பெண் போதகர் தராமு கெசியா ஒருநாள் துடுப்புப் போட்டுக்கொண்டு நேராக நம் படித்துறைக்கு வந்து, "டீச்சரம்மா, இந்த ஊர்ல முதல்ல பட்டம் வாங்கினது நீங்கதானாமே, சபை சரித்திரத்தை நீங்களே எழுதிப் பண்டிகையில வாசிச்சிருங்க" என்றார். எழுதுகிறேன், வாசிக்க வேறு ஆளைப் பாருங்கள், நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்றேன். "பள்ளிக்கூடத்துல நாப்பது பிள்ளைங்க பாக்குதே?" என்றார். அவை என்னைப் பார்ப்பதில்லையே தராமு, ஜன்னலைத்தானே பார்க்கின்றன என்றேன். சிரித்துவிட்டுப் போனார், ஆனால் விடவில்லை. தராமுவை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்தவர், ஆண் போதகரைத் தரா என்றே கூப்பிட்டுப் பழகிய எங்கள் வாய்க்குத் தராமு என்று வரவே நாள் பிடித்தது. என் தோள் உயரம்தான் இருப்பார். சபை அவரை அழைக்கலாமா என்று விசாரித்த கூட்டத்தில் உன் மாமா எழுந்து, "எல்லாம் சரிம்மா, நம்ம ஆளுங்க நெல் மூட்டை மாதிரி இருக்கானுங்க, ஞானஸ்நானத்துல அவனுங்களை எப்படி முழுக்கித் தூக்குவே?" என்று கேட்டார். "தண்ணிக்குள்ள யானையும் லேசுதான் ஐயா" என்று சொன்னார் பார். மாமாதான் முதலில் கை தூக்கி ஓட்டுப் போட்டார்.

சரித்திரம் எழுத உட்கார்ந்தபோதுதான் ஒன்று புரிந்தது. ஏழு போதகர்களில் ஐந்து பேர் கதை உன் அப்பாவின் இடது கையில் போய் முட்டுகிறது. முதல் இருவர் தப்பித்தார்கள், அப்போது அப்பா பிறக்கவில்லை. முதல் போதகர் தரா போகே தோணியில் ஒரு மணியை மட்டும் ஏற்றிக்கொண்டு இந்தக் கால்வாய்க்கு வந்தவர். அவர் முதல் ஞானஸ்நானம் கொடுத்த அன்று ஒருவருடைய எருமையும் பின்னாலேயே ஆற்றில் இறங்கிவிட்டது, அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று கேட்டுச் சிரித்தாராம். இரண்டாமவர் தரா மியாஸே, தூண் மேல் நிற்கும் தேக்குக் கோயிலைக் கட்டியவர். கோயிலுக்கு அடியில் கோழி வளர்த்தார், அவை அடைய வரும்வரை பிரசங்கம் பண்ணுவார் என்று இன்றும் சொல்வார்கள். மூன்றாமவர் தரா டோலே. தடித்த கண்ணாடி, கண்ணாடி இல்லாவிட்டால் தன் மனைவிக்கும் தூணுக்கும் ஒரே மாதிரி வணக்கம் சொல்வார். கண்ணாடியை நூலால் காதில் கட்டியிருப்பார். அப்பாவுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது அந்த நூல் அறுந்துபோனதையும், விழுந்த கண்ணாடியை அப்பா இடது கையால் பிடித்துக்கொண்டு, தலையும் உடம்பும் தண்ணீருக்குள் போகக் கையை மட்டும் கண்ணாடியோடு மேலே தூக்கிக்கொண்டு இருந்ததையும் நீ சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறாய். கரையில் வெள்ளை உடுத்தி அடுத்ததாக நின்றவர் உன் மாமா. "கை! கை நனையல!" என்று கத்தியது அவர்தான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, பத்தொன்பது வயதில் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லும் பையன், இந்த வயதிலும் அப்படியே இருக்கிறார். கரையில் டீக்கன்மாரெல்லாம் அதே இடத்தில் வாதாட ஆரம்பித்துவிட்டார்கள். முழுக்கு என்றால் முழுசும் முழுக வேண்டாமா என்று பாதிப் பேர், கை தானாகவா வெளியே நின்றது என்று பாதிப் பேர். தண்ணீர் இறங்குகிறதென்று தரா டோலே மாமாவை இழுத்து அவரையும் முழுக்கிவிட்டார். பிறகு கரையேறி, "திரியேகர் பேரைச் சொல்லி நான் முழுக்கினவன் முழுகினவன்தான்" என்று சொன்னார். விவாதம் முடிவதற்குள் அடுத்த மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டார்.

நம் சபையில் ஒருவரைச் சேர்த்துக்கொள்ள எல்லாக் கையும் உயரவேண்டும், ஒரு கை எதிர்த்தாலும் தள்ளிவைப்பதுதான் வழக்கம். மற்றவர்கள் வருஷா வருஷம் இளகிவிட்டார்கள், உன் மாமா கை மட்டும் இளகவில்லை. சாயங்காலம் முழுக்க அப்பாவோடு உட்கார்ந்து சதுரங்கக் காய் நகர்த்துவார், அப்பா பிடித்த மீனில் தலையை அவர்தான் தின்பார், கூட்டம் என்று வந்தால் எழுந்து நின்று "லெர்வா என் தங்கச்சி புருஷன், தங்கமான ஆளு, ஆனா கை வெளியே இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு உட்காருவார். நாலாவது போதகர் தரா கிடியோன் கண்டிப்பானவர். திரும்ப ஒருதரம் முழுகு, காரியம் முடிந்தது என்றார். முடியாது என்றார் அப்பா. "இன்னொரு தடவை முழுகினா தரா டோலே சொன்னது பொய்யின்னு ஆகும். செத்த மனுஷனைப் பொய்யன் ஆக்கிட்டு எனக்கு எதுக்கு உறுப்பினர் பட்டம்?" என்று ஒரே பிடி. அதனால்தான் எங்கள் கல்யாணம் கோயிலுக்குள் நடக்கவில்லை, கோயிலுக்கு அடியில் நடந்தது. பாடகர் குழு மேலே நின்று பாட, நானும் அப்பாவும் கீழே கோழிகளோடு நிற்க, தரா கிடியோன் நடுப்படியில் நின்று இரண்டு பக்கத்துக்கும் கேட்கும்படி ஜெபம் பண்ணினார். பலகை இடுக்கு வழியாக யாரோ என் தலையில் பூ தூவினார்கள், யாரோ வெற்றிலைச் சாற்றையும் சிந்தினார்கள். உன் மாமா என்னைக் கையைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, சாட்சிக் கையெழுத்துப் போட மேலே போனார். நான் அன்று அழுதேன் என்று அவரிடம் சொல்லாதே, சிரித்ததாகத்தான் அவர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஐந்தாவது வந்த தரா ஹெர்பெர்ட் சங்கீதக்காரர், எதையும் சுலபமாக்கப் பார்ப்பார். கைதானே பாக்கி, ஒரு பேசினில் தண்ணீர் கொண்டுவாருங்கள், கையை மட்டும் முக்கிவிடுவோம் என்றார். டீக்கன்மாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இன்றைக்குக் கை பேசினில் போனால் நாளைக்குத் தலையில் தண்ணீர் தெளித்தால் போதும் என்று ஒருவன் வருவான், நாம் பாப்டிஸ்டா வேறு எதுவுமா என்று கேட்டுப் பேசினைப் பறித்துக்கொண்டு போனார்கள். அவர் விடவில்லை, பாடகர் குழுவுக்கு உறுப்பினராக இருக்கவேண்டும் என்று எங்கே இருக்கிறது என்று சொல்லி அப்பாவைக் கீழ்க்குரலில் நிறுத்திவிட்டார். ஆறாமவர் தரா ஹாஸர் உனக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், உன் இரண்டு கையையும் அவர் தன் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டது ஏன் என்று இப்போது தெரிகிறதா? பெரும்புயலில் கோயில் போனபோது அப்பா படகில் பலகை ஏற்றி ஏற்றி வந்து இறக்கினார், தார்ப்பாய்க்கு அடியில் முதல் திருவிருந்து நடந்தது. எல்லோரும் நனைந்து ஊறிப்போய் நிற்கிறோம், தரா ஹாஸர் "இன்னைக்கு உறுப்பினர் கணக்கு வேண்டாம், எல்லாரும் அப்பத்தை எடுங்க" என்றார். தட்டு அப்பாவிடம் வந்தது. அப்பா கையைக் கொண்டுபோய், தட்டைப் பிடித்திருந்த மாமாவைப் பார்த்தார். மாமா கண்ணைக் கீழே போட்டார். அப்பா எடுக்காமல் தட்டை என் பக்கம் கடத்திவிட்டார். லாஸே, கல்யாணம் ஆனதிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு தோறும் இதே கதைதான். அப்பத் தட்டு வரும், அவர் வாங்கி என்னிடம் கொடுப்பார், நான் எடுத்துத் தின்பேன், அவர் முன்னால் இருக்கும் பெஞ்சைப் பார்ப்பார். ஒரு விரல்கடை ரொட்டி, அதைப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தின்ன நான் பார்க்கவேண்டும் என்பதைத் தவிர ஆண்டவரிடம் எனக்காக நான் ஒன்றும் பெரிதாகக் கேட்டதில்லை. நூறாவது பண்டிகைத் திருவிருந்திலும் தட்டு இப்படித்தான் போகும் என்று நினைக்கும்போது அந்தச் சரித்திரத்தை எழுதவே கை வரவில்லை.

இனிமேல்தான் சேதி. போன மாதம் தராமு கெசியா நான் எழுதியவரைக்கும் வாங்கிப் படிக்க வந்தார். நான் மூங்கில் குருத்துக் குழம்பு வைத்திருந்தேன், நாப்பி மீன்விழுது கொஞ்சம் தூக்கல், இருந்தும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். அப்பாவும் மாமாவும் வாசல் பலகையில் காய் நகர்த்திக்கொண்டிருந்தார்கள். தராமு சாப்பிட்டுக்கொண்டே, "சரி ஐயா, லெர்வா ஐயாவுக்கு அப்புறம் முழுகினது யாரு?" என்று மாமாவைக் கேட்டார். "நான்தான்" என்றார் மாமா. "அப்ப கரையில எல்லாரும் என்ன பண்ணிக்கிட்டு இருந்தாங்க?" "சண்டைதான், வேற என்ன." "தராவுக்குக் கண்ணாடி?" "அது இவன் கையில இருந்துச்சு." "உங்களுக்கு?" "கண்ணை மூடிக்கிட்டேன்." தராமு குழம்பை வழித்தபடி, "அப்ப உங்க கை நனைஞ்சதை யாரு பாத்தா?" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் மடக்கவேண்டும் என்று கேட்கவில்லை, சரித்திரத்தில் எழுதத்தான் கேட்டார். ஆனால் மாமா கையில் இருந்த காய் அந்தரத்திலேயே நின்றது. அப்பா, "மச்சான், காயை வை, விளையாட்டுல தோக்கறப்ப இப்படித்தான் நேரம் கடத்துவே" என்றார். மாமா காயை வைக்கவில்லை. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார், மீன் தலையைக்கூடத் தொடவில்லை.

அடுத்த ஞாயிறு திருவிருந்து. தட்டுச் சுமப்பவர் மாமாதான், இத்தனை வருஷமாக அவர்தான். அன்று தட்டை மேசையிலேயே வைத்துவிட்டு நடந்து வந்து, கடைசிப் பெஞ்சில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "என்ன மச்சான்?" என்று அப்பா கேட்க, "தள்ளி உக்காரு, நானும் உன் ஜாதிதான்" என்றார். உன் வீட்டில் ஒரு பைத்தியம் போதாதென்று இப்போது என் வீட்டிலும் ஒன்றாகிவிட்டது என்று உன் அத்தை வாசலில் வந்து என்னிடம் அழுதாள். தன் கை நனைந்ததற்குச் சாட்சி இல்லை, ஆகையால் தான் உறுப்பினர் இல்லை, டீக்கனும் இல்லை, பண்டிகைக்கு முன்னால் தன்னைத் திரும்ப முழுக்கவேண்டும் என்று மாமா சபைக்கூட்டத்தைக் கூட்டச் சொல்லிவிட்டார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. "மத்தவனுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?" என்று எங்களையே திருப்பிக் கேட்டார்.

கூட்டத்தன்று உறுப்பினர் அல்லாதவர்கள் வெளியே படியில்தான் உட்காரவேண்டும். அப்பா படியில் உட்கார்ந்து எஞ்சினுடைய ஏதோ ஒரு உறுப்பை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே மாமா எழுந்து, முழுகும்போது தனக்கு ஒன்றுமே தெரியவில்லை, கண் மூடியிருந்தது, பார்த்தவரும் இல்லை என்றார். அப்போது அப்பா கதவடியில் வந்து நின்று, "நான் ஒண்ணு சொல்லலாமா?" என்று கேட்டார். கையெல்லாம் எண்ணெய். உறுப்பினர் அல்லாதவர் கூட்டத்தில் பேசக்கூடாது என்று ஒருவர் சொல்ல, தராமு உடனே அதை ஓட்டுக்கு விட்டார். எல்லாக் கையும் உயர்ந்தது, கடைசியாக மாமா கையும். அப்பா உள்ளே வரவில்லை, வாசற்படியிலேயே நின்று, "பாத்தவன் யாரும் இல்லதான். நான் பாக்கல. ஆனா மச்சான் தண்ணிக்குள்ள போனப்ப நான் கண்ணாடியை வச்சுக்கிட்டுப் பக்கத்துலயே நின்னேன். மச்சான் பயந்துபோய் என் முழங்காலைக் கட்டிப்பிடிச்சுக்கிச்சு. ரெண்டு கையாலயும். தண்ணிக்குள்ள. நகம் பட்ட இடம் ரெண்டு வாரம் எரிஞ்சுது. கை நனையாம எப்படிங்க முழங்காலைப் பிடிக்க முடியும்?" என்றார். பெண்கள் பக்கம் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள், அது நானாகத்தான் இருக்கும். மாமா முகம் சிவந்து, "இத்தனை வருஷமா ஏண்டா சொல்லல?" என்றார். அப்பா, "நீ பயந்தாங்கொள்ளின்னு ஊருக்கே தெரியணுமா?" என்றார்.

மாமா பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். அப்புறம் தன் கூட்டக் குரலை எடுத்து, "லெர்வா கை வெளியே இருந்துச்சு. அதை நான் மாத்திச் சொல்ல மாட்டேன்" என்று ஆரம்பித்தார். "ஆனா நான் சபையில இருக்கறது இப்ப இவன் ஒருத்தன் சொல்லை நம்பித்தான். சபையிலேயே இல்லாதவன் சொல்லை வச்சு நான் எப்படிச் சபையில இருக்க முடியும்? ஒண்ணு ரெண்டு பேரையும் உள்ளே போடுங்க, இல்ல ரெண்டு பேரையும் வெளியே போடுங்க" என்றார். தராமு, "எங்கே, கையைத் தூக்குங்க பாப்போம்" என்றார். லாஸே, நான் மற்றக் கைகளைப் பார்க்கவில்லை, மாமா கையைத்தான் பார்த்தேன். முழங்கை வரை சட்டை வழிந்து விழும்படி இரண்டு கையையும் தூக்கினார். ஒரு கைதான் கணக்கு என்று எழுத்தர் சொன்னதற்கு, "ஒண்ணு தரா டோலேக்கு, எழுதிக்கோ" என்று அதட்டினார்.

நேற்றுத் திருவிருந்து. அப்பா வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டு, நகத்தில் எண்ணெய் போகக் காலையிலிருந்து தேய்த்துக்கொண்டிருந்தார், வெற்றிலைகூடப் போடவில்லை. மாமா தட்டைக் கொண்டுவந்தார். அப்பா வாங்கினார், இத்தனை வருஷப் பழக்கம், எடுக்காமல் அப்படியே என் பக்கம் நீட்டிவிட்டார். நான் வாங்கவில்லை. மாமா நகராமல் நின்று, தாழ்ந்த குரலில், "மச்சான், உன்னைத்தான்" என்றார். அப்பா தட்டைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், பிறகு இடது கையால் ஒரு துண்டு எடுத்து வாயில் வைத்துக்கொண்டு மெல்லவே மறந்துபோனவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். தாடை அசைகிறதா என்று நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசைந்தது. பாட்டு ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, அவரைப் பார்த்துக்கொண்டிருந்ததில் நான் எடுக்காமலேயே தட்டைப் பக்கத்துப் பெண்ணிடம் கடத்திவிட்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா ரொம்ப நேரம் சிரித்துவிட்டு, "பரவாயில்லை விடு, அடுத்த மாசம் நான் எடுத்துத் தர்றேன்" என்றார்.

ஆகவே பண்டிகையில் சரித்திரத்தை நானே வாசிப்பதாகத் தராமுவிடம் சொல்லிவிட்டேன். நாக்கு ஒட்டிக்கொண்டால் ஒட்டிக்கொள்ளட்டும். கையின் கதையை எழுதட்டுமா வேண்டாமா என்று கேட்டதற்கு, எழுது, முழங்காலை மட்டும் விட்டுவிடு என்கிறார் மாமா. முழங்காலை எழுது, மற்றதை விட்டுவிடு என்கிறார் அப்பா. நீ என்ன சொல்கிறாய் என்று எழுது. உன்னைக் காக்கிறவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, நீ தூக்கி உட்காரவைக்கும் முதியவர்களெல்லாம் உன்னை வாயார வாழ்த்தட்டும். அங்கேயுள்ள சபையில் முதல் ஞாயிறு தவறாமல் போ, தட்டு வரும்போது என்னைப் போல வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்காதே. டிசம்பரில் லீவு கிடைக்காவிட்டாலும் பண்டிகை அன்று காலை போனைப் பக்கத்திலேயே வைத்திரு, உன் அப்பா பேசமாட்டார், கீழ்க்குரலில் பாடுவார், அதைக் கேள். படகுச் சத்தம் கேட்கிறது, இரண்டு பேரும் வருகிறார்கள், யார் பிடித்த மீன் பெரிது என்று இங்கே வரை கேட்கிறது, முடிக்கிறேன்.

உன்னை எந்நேரமும் நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா நோ மூபோ